சந்தைத் தூணடியில்

தளம் தட்டும் ஓசை சோமநாதனின் காதில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. பத்துப் பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் சுண்ணாம்புத் தளத்தை ஒரே சீராகத் தட்டினார்கள். அந்த ஓசை நின்ற நாளில் பன்னிரண்டு வீடுகளும் முடிந்திருந்தன.

தெருவில் படுத்திருந்தவர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை. நிலம் அடிகள் தலைவராக இருந்த மடத்தினுடையது. உழைப்பு ஊர்க் கொத்தனார்களுடையது. எந்த வீடு யாருக்கு என்று பார்த்துச் சொல்லும் வேலை அடிகளின் சீடரான சோமநாதனுக்கு. அவருக்கு அப்போது நாற்பது வயது.

கொத்தனார்களின் தலைவர் இருளப்பன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“பதினஞ்சு நாளுக்குள்ள அடுப்பு மூட்டலேன்னா வீடு அடுத்த ஆளுக்கு. புகையாத வீடு கட்டினவனுக்கு ஆகாது.”

மடம் ஒப்புக்கொண்டது.

பதினோரு வீடுகளில் புகை வந்தது. ஏழாம் வீட்டில் வரவில்லை. அது வேலாண்டிக்குக் கொடுத்த வீடு. சாவியை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு, அவர் பழையபடி தானியச் சந்தையின் மூன்றாம் தூணடியிலேயே படுத்திருந்தார்.

பதினான்காம் நாள் சோமநாதன் போய்க் கேட்டார்.

“வீட்டுல என்ன குறை?”

“குறையே இல்ல அய்யா. சன்னல்கூட இருக்கு.”

“அப்புறம்?”

“தங்கப்பொண்ணுக்கு அந்த வீடு தெரியாதே.”

தங்கப்பொண்ணு அவர் மனைவி. நினைவு தப்பியவள். முந்தின பங்குனித் தேரன்று, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று தூணடியிலிருந்து எழுந்து போனவள்.

“கடைக்காரங்ககிட்ட சொல்லி வைப்போம். வந்தா கூட்டிட்டு வருவாங்க.”

“அழுக்கா வருவா. பேரு கேட்டா சொல்லத் தெரியாது. கடை முன்னால நிக்காதேன்னு துரத்துவாங்க. என்னையே துரத்தினவங்கதானே.”

சோமநாதன் இருளப்பனிடம் போய்ச் சொன்னார். இருளப்பன் இளகவில்லை.

“அய்யா, பட்டியல்ல அடுத்தது பேச்சி. ரெண்டு பிள்ளைகளோட சத்திரத்து வாசல்ல கிடக்கு. இவரு என்னடான்னா கொடுத்த வீட்டைப் பூட்டி வச்சிருக்காரு. நாளைக்குச் சாவியை வாங்கிருங்க. இருளப்பனுக்கு ஈரமே இல்லேன்னு உங்க அடிகள்கிட்ட சொல்லிக்குங்க, பரவாயில்ல.”

சோமநாதன் மடத்துக்குத் திரும்பினார்.

“சுவாமி, வீட்டை வேலாண்டிக்கே விட்டால் பேச்சிக்கு அநியாயம். பேச்சிக்குக் கொடுத்தால் வேலாண்டிக்கு அநியாயம். எது சரி?”

“வேலாண்டி எழுந்து போனா, அந்தத் தூணடியில யாரு இருப்பா?” என்று கேட்டார் அடிகள்.

“யாரும் இல்லை.”

அடிகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்கு நடந்தார். வேலாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்க போய் அடுப்பை மூட்டிச் சோறாக்கிச் சாப்பிட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்.”

“உங்களுக்கு அவளைத் தெரியாதே சாமி.”

“அடையாளம் சொல்லுங்க.”

“இடது காலைச் சாய்ச்சு நடப்பா. புருவத்துல ஒரு தழும்பு. கூப்பிட்டா திரும்ப மாட்டா. ‘வேலாண்டி திட்டுறானா’ன்னு கேளுங்க. சிரிப்பா.”

“வேலாண்டி திட்டுறானா,” என்று அடிகள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வேலாண்டி நாலு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

செய்தி கேட்டு இருளப்பன் வந்தார். அதற்குள் யாரோ அடிகளின் முன்னால் இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“வியாபாரம் நல்லா நடக்குது போல,” என்றார் இருளப்பன்.

“ஒண்ணு எடுத்துக்க. உட்காரு.”

இருளப்பன் உட்காரவில்லை. “இது எத்தனை நாளைக்கு சாமி?”

“என்னால இன்னைக்கு முடியும்.”

இருளப்பன் பழத்தை உரித்தார். தெருவைப் பார்த்தபடியே தின்று முடித்தார்.

“அந்தம்மாவுக்கு எந்தக் கால்னு சொன்னாரு?”

“இடது.”

“நாளைக்கு என் ஆளுங்க வருவாங்க,” என்றார் இருளப்பன்.

அன்றிலிருந்து பகலில் வேலாண்டி வந்து உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். பிறகு விடியும்வரை ஒருநாள் மடத்தார், ஒருநாள் கொத்தனார்கள். பேச்சிக்காக இருளப்பன் பதின்மூன்றாவது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினார். அதற்கான இடத்தை மடம் தன் பூந்தோட்டத்திலிருந்து கொடுத்தது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு காலையில், தன் முறை முடிந்து நனைந்து வந்த சோமநாதன் அடிகளின் முன் நின்றார்.

“சுவாமி, அந்த அம்மாள் இனிமேல் வரப்போவதில்லை.”

“ஆமாம்.”

“அதை வேலாண்டியிடம் யார் சொல்வது?”

“அவருக்குத் தெரியும்,” என்றார் அடிகள். “ஈரத்துணியை மாத்து. நாளைக்கு ராத்திரி மறுபடி நம்ம முறை.”

சோமநாதன் போய் ஈரத்துணியை மாற்றினார்.

நான்காம் ஆண்டு தை மாதத்தில், ஏழாம் வீட்டில், தூக்கத்திலேயே வேலாண்டி இறந்துபோனார். அந்த இரவு தூணடியில் இருந்தவர் இருளப்பன்.