கோபத்துக்கு ஓர் அளவுகோல்

"தாயே, உங்க அளவுகோல் பொய் சொல்லுது!"

வாசலிலேயே நின்று கத்தினான் வேங்கையன். உள்ளே இலை முன்னால் உட்கார்ந்திருந்த குரு குமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். சீடன் அவளைவிட மூத்தவன், மலையில் பிறந்தவன். அவன் குரல் உயர்ந்து இதுவரை யாரும் கேட்டதில்லை.

"முதல்ல வந்து சாப்பிடுங்க. அப்புறம் சண்டை போடலாம்."

"வரமாட்டேன்."

மன்னனுக்குக் கோட்டை கட்ட இடம் வேண்டும். மலையா, கடற்கரையா? எந்த ஊர் ஜனங்கள் கோபத்தை மனசில் போட்டுக் குமைவார்கள், எவர்கள் சீக்கிரம் மறப்பார்கள் என்று அளந்து சொல்லச் சொல்லியிருந்தான். மறக்கிறவர்களை விரட்டிவிடலாமாம். என்ன புத்தி பாருங்கள்! வலி குறைந்தவர்கள்தானே போகப்போகிறார்கள் என்று குமுதவல்லியும் ஒத்துக்கொண்டுவிட்டாள்.

அவள் ஆட்கள் போய்க் கேட்டார்கள். கடற்கரைக்காரர்கள் பழைய அநியாயத்தையெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டித் தீர்த்தார்கள். மலைக்காரர்கள் சிரித்தார்கள். "அதெல்லாம் அப்பவே மறந்துடுவோம்" என்றார்கள்.

"ரெண்டு இடத்துலயும் ஒரே கேள்விதான். இதுல பொய் எங்க?"

"எங்க வீட்டுல தினைச்சோறு தின்னுட்டுத்தானே கேட்டாங்க?"

"சாப்பிடாம விட்டிருப்பீங்களா?"

"அதான்! சோறு போட்டவனும் தின்னவனும் அன்னிக்குப் பூரா கோபதாபத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. எங்க வழக்கம் அது. உங்க ஆளுங்க அதை மறதின்னு எழுதிக்கிட்டு வந்துட்டாங்க!"

குமுதவல்லி சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

"என்மேல கோபம் உண்டான்னு உங்களை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். இல்லைன்னுதானே சொன்னீங்க?"

"உண்டு. நான் வந்த முதல் நாளே, மலைக்காரனுக்குப் படிப்பு ஏறுமான்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க. அதை நினைச்சுப் பொருமாம நான் ஒரு நாளும் தூங்கினதில்லை."

"கேட்டப்போ ஏன் சொல்லலை?"

"தினமும் உங்க சோத்தைத்தானே தின்னேன்!"

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னிக்கு?"

"காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடத் தொடலை. எங்க ஜனத்தை விரட்டணும்னா மன்னன் என்னை மிதிச்சுட்டுத்தான் போகணும். உங்களுக்கும் அதேதான்."

குமுதவல்லி இலையை மடித்தாள். ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, அரண்மனைக்குப் போவோம். மன்னர் விருந்து வச்சிருக்கார். நான் இலையில உட்காரப் போறதில்லை."