சௌதாமினியின் ரிவால்வர்

ஏற்காட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்தாள் சௌதாமினி. கணவன் வரதராஜனின் அடி தாங்காமல் பிரிந்து, அப்பா தணிகாசலத்தின் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் விடவில்லை. ஒருநாள் பள்ளி வாசலிலேயே அரிவாளை வீசினான். முழங்கையில் வெட்டு விழுந்தது. ஜாமீனில் வந்த பிறகும் மிரட்டினான். தணிகாசலம் அலையாய் அலைந்து மகள் பெயரில் துப்பாக்கி உரிமம் வாங்கினார்.

சேலத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஹபீபுல்லா இரண்டு ரிவால்வர்களை எடுத்து வைத்தார். பெரியது கனம், ஆனால் சுடும்போது கை அதிகம் உதறாது. சின்னது கைப்பைக்குள் அடங்கும், உதறல் அதிகம்.

"கனமானதை வீட்டிலேயே வச்சிட்டுப் போயிடுவேன், பாய். சின்னதே போதும்" என்றாள் சௌதாமினி.

குண்டில்லாமல் விசையை இழுத்துப் பார்க்கச் சொன்னார். சுவரைப் பார்த்து இழுத்தாள், சுலபமாக வந்தது.

"இப்ப அந்த ஆளு எதிர்ல நிக்கிறதா நெனச்சுக்கிட்டு இழும்மா."

விரல் அசையவில்லை. கண் கலங்கிவிட்டது.

ஹபீபுல்லா தணிகாசலத்தைத் தனியே அழைத்தார். "ஐயா, இது உங்க பொண்ணுக்கு வேணாம். அவன் புடுங்கிக்குவான்."

"அப்போ வெறுங்கையோட நிக்கச் சொல்றீங்களா?"

ஹபீபுல்லா ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். விற்றுவிட்டார்.

"அவன் வந்தா கட்டாயம் சுடுவேன்பா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் மகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வரதராஜன் அரிவாளோடு வீட்டுக்குள் நுழைந்தான். ரிவால்வரை நீட்டினாள். அவன் நின்றான். பிறகு, கல்யாணமான புதிதில் கூப்பிட்டதுபோல், "சௌதா" என்றான். அவள் கை தாழ்ந்தது. ஒரே பாய்ச்சலில் பிடுங்கிக்கொண்டான். சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடிவந்த தணிகாசலம் மகளை மறைத்து நின்றார். குண்டு அவர் மார்பில் பாய்ந்தது.

ஆம்புலன்ஸில் உயிர் போகுமுன் அவர் சொன்னார்: "என் பிடிவாதந்தாம்மா. நான்தான் உன் கையில கொடுத்தேன்."

துக்கம் கேட்க வந்த ஹபீபுல்லா உட்காரவே இல்லை. "தெரிஞ்சே வித்தேன்மா. இந்தப் பாவம் என்னோடது."

"சுடுவேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு சுடாம நின்னவ நான், பாய்" என்றாள் அவள்.

நீதிமன்றத்தில் வரதராஜன் சொன்னது ஒன்றுதான்: "துப்பாக்கி தானா வெடிச்சிடுச்சு."

தெரிந்தும் விற்றவர், பிடிவாதமாக வாங்கிக் கொடுத்தவர், சொல்லியும் சுடாதவள். இவர்களில் யார் மேல் பழி? சொல்லுங்கள்.

விடை: மூவர் மேலும் இல்லை. சுட முடியாமல் போனதைக் குற்றம் என்றால், சுட்டதை என்னவென்று சொல்வது? மூன்று பேரும் அந்தப் பழியைத் தங்களுக்கென்று கேட்டார்கள். அதற்கு உரியவனோ துப்பாக்கியைக் கைகாட்டிவிட்டான். நீதிபதியும் இதையே சொல்லி அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தார். சௌதாமினியிடம் இந்த விடையைப் பலரும் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தலையாட்டுகிறாள். இன்னும் நம்பவில்லை.