வாயை மூடிக்கொண்ட ஆள்காட்டி

நாணல் ஏரியின் கிழக்குக் கரையில் மான், முயல், கீரி, ஆமை, ஆள்காட்டிக் குருவி ஆகிய ஐந்து பேரும் ஒரே அணியாகக் கால்பந்து ஆடினார்கள். மேற்குக் கரை அணியில் எருமை, காட்டுப்பன்றி, நரி, இரண்டு காட்டுப்பூனைகள்.

பொழுதுபோக்குக்கு ஆடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீருக்காக ஆடினார்கள்! சித்திரை பிறந்தால் ஏரி வற்றி, நடுவில் ஒரே ஒரு மடுதான் மிஞ்சும். பங்குனிக் கடைசியில் ஆட்டம் நடக்கும். ஜெயிக்கிற கரைக்குக் கோடை முழுவதும் முதல் தண்ணீர். ஆட்டம் சமமாக முடிந்தால், போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே அந்த உரிமை.

போன வருஷம் ஜெயித்தது மேற்குக் கரை. எருமை தண்ணீர் குடித்தால் குடித்ததோடு போகுமா? இறங்கிப் புரண்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கும். அதற்குப் பிறகு கிழக்குக் கரைக்குக் கிடைத்ததைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கூழ் என்று சொல்லலாம். அதைக் குடித்துவிட்டு முயலின் ஐந்து குட்டிகளும் கோடை முழுவதும் வயிற்று வலியில் சுருண்டு கிடந்தன.

"இந்த வருஷமும் தோத்தா என் பிள்ளைங்க தாங்காது. எப்படியாவது ஜெயிச்சிடணும்ப்பா!" என்றது முயல்.

"முதல்ல கேப்டன் யாருன்னு முடிவு பண்ணுவோம்," என்றது கீரி.

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு?" என்று மான் ஒரு துள்ளு துள்ளியது. "நிறைய கோல் போட்டது யாரு? நான்! வேகமா ஓடுறது யாரு? நான்! கொம்பு யாருக்கு அழகா இருக்கு?"

கொம்புக்கும் கேப்டன் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. வாழைநாரில் ஒரு பட்டை திரித்து மானின் முன்னங்காலில் கட்டிவிட்டார்கள். அன்று முழுவதும் மான் அந்தக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. தண்ணீரில் நிழல் பார்த்துக்கொண்டதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

கோல்கீப்பர் ஆமை. போன வருஷம் கோலில் நின்ற கீரி, பந்தைக் கண்டதும் ஆசைப்பட்டு ஓடிவிட்டது. ஆமையிடம் அந்தப் பயம் இல்லை. கோல் கம்பங்களாக இருந்த இரண்டு கறையான் புற்றுகளுக்கு நடுவே நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் நிற்கும்.

மீதி இருப்பது ஆள்காட்டி. குச்சிபோல இரண்டு மஞ்சள் கால்கள். உதைத்தால் பந்து ஒரு முழம் போனால் பெரிய விஷயம். ஆனால் ஒன்று. வெட்டவெளியில் வாழும் பறவை அது. தூரத்தில் யாராவது தலை காட்டினாலே போதும், "ஆள் வருது! ஆள் வருது!" என்று கத்தி ஊரையே கூட்டிவிடும். பிறந்த நாள் முதல் அதற்கு அதுதான் வேலை.

ஆட்ட நாள் வந்தது. தூக்கணாங்குருவிகள் கோரைப்புல்லில் பந்து பின்னிக் கொடுத்தன. நடுவர் நாரை. எப்போதும் ஒற்றைக் காலில் நிற்கும். இன்னொரு காலையும் தரையில் ஊன்றினால் யாரோ ஃபவுல் செய்துவிட்டார்கள் என்று பொருள். கோல் விழுந்தால் அலகைப் படபடவென்று அடிக்கும். சூரியன் பனைமர உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

பந்து உருண்டதுமே ஆள்காட்டி தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"கீரி, பின்னால நரி வருது! முயலக்கா, எடது பக்கம் காலியா இருக்கு! கேப்டன், தனியாப் போகாதீங்க, கீரிக்குக் குடுங்க!"

மானுக்கு முகம் சிவந்தது. "ஏய், வாயை மூடு! கேப்டன் நானா, நீயா? களத்துல கத்துறதுன்னா நான் கத்துவேன்!"

ஆள்காட்டி வாயை மூடிக்கொண்டது.

மான் பந்தை எடுத்துக்கொண்டு தனியாகவே ஓடியது. எருமையும் நரியும் சேர்ந்து மறித்தன. பந்து பறிபோனது. மறுபடியும் ஓடியது, மறுபடியும் பறிகொடுத்தது. இப்படி ஆறு தடவை! ஒவ்வொரு தடவையும், "நீங்க யாரும் சரியா நிக்கலை!" என்று மற்றவர்களைத் திட்டியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவர்களும் சில சமயம் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்த நேரத்தில் காட்டுப்பன்றி நாணல் ஓரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்தது. ஆமை வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பன்றி வந்ததோ இடது பக்கம். ஆள்காட்டி பார்த்துவிட்டது. அலகைத் திறந்தது. மானை ஒரு தரம் பார்த்தது. அலகை மூடிக்கொண்டது.

கோல்! நாரை அலகைப் படபடவென்று அடித்தது.

மான் களத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தது. பந்தை எடுக்க என்றுதானே நினைப்போம்? இல்லை, திட்டுவதற்கு!

"கண்ணு எங்க இருந்துச்சு? உன்னைப் போய் கோல்ல நிறுத்துனேன் பாரு, என்னைச் சொல்லணும்! நீயெல்லாம் கோல்கீப்பர்! பாறாங்கல்லை வெச்சிருந்தாக்கூட பந்து அதுல பட்டாவது திரும்பியிருக்கும்!"

எருமை ஏறி மிதித்தாலும் தாங்கும் ஆமை ஓடு. ஆனால் அந்தச் சொல்லை அது தாங்கவில்லை. ஆமை நான்கு கால்களையும் உள்ளே இழுத்தது. பிறகு தலையையும் இழுத்துக்கொண்டது.

அடுத்த கோலை நான் என்னவென்று சொல்ல? எருமை தூரத்திலிருந்து சோம்பலாக ஓர் உதை விட்டது. பந்து ஆடி அசைந்து உருண்டு வந்தது. ஓர் எட்டு நகர்ந்திருந்தால் தடுத்திருக்கலாம். ஓட்டுக்குள் இருந்த ஆமைக்குப் பந்து வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இரண்டு கோல்!

இடைவேளையில் மேற்குக் கரைக்காரர்கள் சிரித்தபடியே புல்லில் படுத்துக் கிடந்தார்கள். எருமை, "இந்த வருஷம் மடுவுல எந்தப் பக்கம் படுக்கலாம்?" என்று நரியிடம் யோசனை கேட்டது. அது முயலின் காதில் நன்றாக விழுந்தது. நீளமான காது வேறு! கரையில் உட்கார்ந்திருந்த ஐந்து குட்டிகளைப் பார்த்து முயலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் இந்த ஆமையால வந்தது," என்றது மான். "தூக்கி வெளியே போடுங்க! கீரி, நீ போய் கோல்ல நில்லு!"

"நானா? பந்தைப் பார்த்தா ஓடிடுவேனே!" என்றது கீரி பாவமாக.

அப்போது ஆள்காட்டி தத்தித் தத்தி நடந்து போய், ஆமை ஓட்டின் வாசலில் குனிந்தது.

"அண்ணே, உள்ளதான் இருக்கீங்களா?"

"வேற எங்க போவேன்? வீடே இதுதானே!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அந்த முதல் கோல் உங்க தப்பு இல்லண்ணே. என் தப்பு."

"நீ என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலை. அதான் தப்பு! பன்னி பதுங்கி வந்ததை நான் பார்த்தேண்ணே. கேப்டன் திட்டுவாரோன்னு சொல்லாம விட்டுட்டேன். ஆள்காட்டியாப் பொறந்துட்டு, ஆளைப் பார்த்தும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

எல்லாருக்கும் அது கேட்டது. ஓட்டுக்குள்ளிருந்து ஆமையின் மூக்கு மட்டும் வெளியே வந்தது.

"நான் கழுத்தைத் திருப்பிப் பார்க்குறதுக்குள்ள பந்து உள்ள போயிடுதுப்பா," என்றது ஆமை மெதுவாக.

"நீங்க பார்க்கவே வேணாம். நான் பார்த்துச் சொல்றேன். எடதுன்னா எடது, வலதுன்னா வலது. காதை மட்டும் என் பக்கம் வைங்க. கோல் விழுந்தா, அது நான் சொல்லாததால விழுந்ததுன்னு வெச்சுக்குவோம்."

ஆமை தலையை முழுவதும் வெளியே நீட்டியது.

"திரும்பவும் கத்தப் போறியா?" என்று மான் முறைத்தது.

ஆள்காட்டி மானின் முகத்தை ஒரு தரம் பார்த்தது. ஆனாலும் சொல்லிவிட்டது. "கத்துவேன், கேப்டன்! திட்டணும்னா ஆட்டம் முடிஞ்சப்புறம் திட்டுங்க. முயலக்கா பிள்ளைங்க கரையில உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்குங்க."

மான் குட்டிகளைப் பார்த்தது. திரும்பித் தன் இடத்துக்குப் போய் நின்றது.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஆள்காட்டியின் குரல் களம் முழுவதும் கேட்டது.

"கீரி, ஆள் வருது, பந்தை விடு! அப்படித்தான்! முயலக்கா, கேப்டன் காலியா நிக்குறார், அவருக்குக் குடுங்க!"

முயல் பந்தை மானுக்குத் தள்ளியது. எதிரே யாருமே இல்லை. மான் ஒரே உதை! கோல்!

மானுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முதல் பாதியில் எந்த வாயை மூடச் சொன்னதோ, அதே வாய் அல்லவா இப்போது பந்தை வாங்கிக் கொடுத்திருக்கிறது!

அடுத்த தடவை நரியும் பூனைகளும் மானைச் சூழ்ந்தன. "கேப்டன், வலது பக்கம் கீரி!" என்று குரல் வந்தது. மான் முணுமுணுத்துக்கொண்டேதான் தள்ளியது. கீரி வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைப் புற்றுகளுக்கு நடுவே நுழைத்தது. இரண்டுக்கு இரண்டு!

நடுவில் கீரி ஒரு பந்தைக் கோட்டைவிட்டது. "பரவால்ல, அடுத்ததைப் பாரு! உன் பின்னால பூனை!" என்றது ஆள்காட்டி. அவ்வளவுதான். திட்டுவதற்கு அதற்கு நேரமே இல்லை.

சூரியன் பனை உச்சிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. இப்படியே முடிந்தால் தண்ணீர் மறுபடியும் மேற்குக் கரைக்குத்தான். அதுகூடப் போதாதென்று எருமை மூச்சைப் பிடித்துக்கொண்டு புயல் மாதிரி வந்தது. கூடவே பன்றி. பந்து எருமையிடமா, பன்றியிடமா? புழுதியில் ஆமைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"வலது பக்கம் சாயுங்கண்ணே! வலது!"

ஆமை கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கம் சாய்ந்தது. டொக்! பந்து ஓட்டில் மோதித் தெறித்து நடுக்களத்துக்குப் பறந்தது. அங்கே மான் நின்றது.

மான் பாய்ந்தது. எதிரே நரி மட்டும்தான். அதைத் தாண்டினால் கோல், எல்லாரும் மானின் பெயரைச் சொல்வார்கள். இடது பக்கம் முயல் ஓடி வந்தது.

"முயலக்கா காலியா இருக்காங்க, கேப்டன்!"

மான் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் அது என்ன பாடுபட்டிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஆனால் பந்தைத் தள்ளிவிட்டது. முயல் காதுகளை மடக்கிக்கொண்டு, பின்னங்கால் இரண்டாலும் ஓங்கி ஓர் உதை விட்டது.

நாரை அலகை அடித்த அடியில் ஏரியே அதிர்ந்தது. மூன்றுக்கு இரண்டு! சூரியன் பனை உச்சியைத் தொட்டது. ஐந்து குட்டிகளும் களத்துக்குள் உருண்டு புரண்டு ஓடி வந்தன.

ஜெயித்த அணியின் கேப்டன்தான் மடுவில் முதல் வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அது அந்த ஏரியின் வழக்கம். எல்லாரும் மானைப் பார்த்தார்கள். மான் மடுவருகே போய்க் குனிந்தது. பிறகு நிமிர்ந்து, பின்னால் நகர்ந்து வழிவிட்டது.

"நீ வாப்பா, ஆள்காட்டி. இன்னிக்கு கேப்டன் வேலை பார்த்தது நீதான்."

"எனக்கென்ன அவசரம்?" என்றது ஆள்காட்டி. "கடைசிப் பந்தைத் தடுத்தது யாரு? முதல்ல ஆமையண்ணன் குடிக்கட்டும்!"

எல்லாரும் சரி என்றுவிட்டார்கள். சொன்ன பிறகுதான் யோசித்தார்கள். ஆமை இன்னும் கோலிலேயே நின்றுகொண்டிருந்தது! மடுவோ நூறு அடி தூரம்.

ஆமை புறப்பட்டது. ஓர் அடி வைத்தது. நின்று மூச்சு வாங்கியது. அடுத்த அடி வைத்தது. ஓடி ஓடிக் களைத்த நான்கு பேரும் நாக்கு வறண்டு, பளபளக்கும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். சூரியன் பனைமரத்தின் அடிவரைக்கும் இறங்கிவிட்டது. ஆமை பாதி தூரம்கூட வரவில்லை.

மான் வாயைத் திறந்தது. போச்சு, திட்டப் போகிறது என்று கீரி கண்ணை மூடிக்கொண்டது.

"மெதுவாவே வாங்கண்ணே! தண்ணி எங்கேயும் ஓடிடாது!" என்றது மான்.

கூட நிற்பவர்களுக்குக் கண்ணாக இருந்து, தவறு நேர்ந்தால் தன் பங்கை முதலில் ஒப்புக்கொள்பவனே களத்தில் நல்ல தலைவன்.