லேசான வண்டியின் விலை

கணக்குப் போட்டுக்கொண்டே கேட்க வேண்டிய கதை இது. அழுகை வந்தால் கணக்குத் தப்பிவிடும்.

கரூர் புறவழிச்சாலையில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்று. ஒரு முற்பகலில் தங்கமுத்து என்பவர் ஜாக்கி லிவரோடு அதற்குள் நுழைந்து, பாதி முடிந்திருந்த பஸ்ஸின் கண்ணாடிகளை வரிசையாக உடைத்துக்கொண்டே வந்தார். ஏழாவது கண்ணாடியில் தடுக்கப் போன தலைமை வெல்டர் பாக்கியநாதனின் நெற்றியில் சில்லு பாய்ந்தது. இரத்தம் புருவத்தில் இறங்கிக் கண்ணை மூடியது. முதலாளி செங்கோட்டுவேலுக்குக் காதோடு ஓர் அறை. அவர் கம்ப்ரஸர்மேல் போய் விழுந்தார்.

தங்கமுத்துவின் தங்கை கோகிலாவுக்கு முதல்நாள்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அவளைக் கொன்ற கையை முறிக்காமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று சிதைக்கு முன்னால் அவர் சபதம் செய்திருந்தார். அன்று முதல் வாசலில் போட்ட கட்டிலில்தான் படுக்கை, சோறு எல்லாம்.

எந்தக் கை அது என்பதில்தான் சிக்கல்.

கோகிலாவுக்கு விடுதி அறைகளில் தூக்கம் வராது. பிறர் படுத்த மெத்தை என்றால் உடம்பு கூசும். ஊர் சுற்றும் ஆசையோ தீராது. ஆகவே அவள் கணவர் மாதேஸ்வரன், தம் சின்னக் காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும்படி, படுக்கையும் அடுப்பும் வைத்த ஒரு சிறிய டிரெய்லர் வீடு செய்யச் சொல்லி இந்தப் பட்டறைக்கு வந்தார். விலையைக் கேட்டுத் திகைத்தார்.

“இத்தனூண்டு வண்டிக்கு ஆறு லட்சமா? பஸ்ஸுக்குச் சொல்றாப்ல சொல்றீங்களே.”

“பஸ்ஸுக்கு இரும்பு கூடினா விலை கூடுமுங்க. இதுக்கு எடை குறையக் குறைய விலை ஏறும்,” என்றார் செங்கோட்டுவேல். “இரும்புத் தகடுன்னா சல்லிசு, ஆனா உங்க கார் இழுக்காது. அலுமினியத் தகடு, நடுவுல ஃபோம், மெல்லிசுக் குழாய்ல சட்டம். அந்த லேசுக்குத்தான் காசு.”

மாதேஸ்வரனிடம் இருந்தது ஐந்தரை. அலுமினியத்தில் கை வைத்தால் எடை ஏறும். அடுப்பை எடுத்தால் கோகிலா வரமாட்டாள். மிஞ்சியது டிரெய்லர் சக்கரங்களுக்கான தனி பிரேக். கார் பிரேக் போட்டு வேகம் குறைந்தால்தான் அதுவும் பிடிக்கும்.

“அப்ப பிரேக்கை விட்டுருங்க.”

“மொத்தம் ஐந்நூறு கிலோவுக்குள்ள நின்னுதுன்னா கார் பிரேக்கே போதும். அதைத் தாண்டினா ஆகாது, பின்னால பாரம் ஏறினா வண்டி வாலை வீசும். எண்பதுக்கு மேல ஓட்டாதீங்க.”

இந்த ஐந்நூறு என்ற பேச்சு அவர்கள் இருவரோடு நின்றது. வெல்டரிடம் போனது வரைபடம் மட்டும்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியேறும் எந்த வண்டிக்கும் தலைமை வெல்டர் தன் பங்காக, கேட்காமலும் கூலி வாங்காமலும், கொஞ்சம் இரும்பு சேர்ப்பார். பஸ்ஸுக்கு அது பலம். பாக்கியநாதன் டிரெய்லரின் பின்புறம் கனத்த பம்பரும், கூரைக்கு ஓர் ஏணியும் பற்றவைத்தார். “ஏறி நின்னு மலையப் பாருங்கக்கா,” என்றார். கோகிலா அங்கேயே ஏறி, நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்தாள்.

வண்டியை ஒப்படைப்பதற்கு முதல்நாள் செங்கோட்டுவேல் தனியாகப் போய் அதை எடைமேடையில் ஏற்றினார். ஐந்நூற்றுத் தொண்ணூறு. பம்பரை அறுத்தால் பெயின்ட் கருகும். விடிந்தால் முகூர்த்த நாள். எடைச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் சாவியைக் கொடுக்கும்போது, “எடையெல்லாம் கச்சிதமுங்க,” என்றார்.

திண்டுக்கல் சாலை, ஏற்ற இறக்கமில்லாத நேர்ப் பாதை. டிரெய்லரை இழுத்துக்கொண்டு எழுபதில் போய்க்கொண்டிருந்த மாதேஸ்வரனின் காரை ஒரு பஸ் ஒட்டிக் கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லரின் பின்பக்கம் இடமும் வலமுமாக வீசத் தொடங்கி, நாலாவது வீச்சில் காரைச் சுழற்றித் தடுப்பின்மேல் கவிழ்த்தது. மாதேஸ்வரனுக்குப் பிரேக்கில் கால் வைக்கக்கூட நேரமில்லை. கதவை வெட்டித்தான் கோகிலாவை எடுத்தார்கள். முகத்தைத் துணியால் சுற்றியே வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

இனி பட்டறைக்கு வருவோம்.

“எவன் கைடா அது?” என்று கேட்டார் தங்கமுத்து.

கம்ப்ரஸரைப் பிடித்து எழுந்த செங்கோட்டுவேல், “பிரேக் இல்லாம வண்டி கொடுத்தது என் தப்புங்க. அடிங்க,” என்றார்.

ஆட்டோவில் பின்னாலேயே வந்து ஊன்றுகோலோடு இறங்கிய மாதேஸ்வரன் குறுக்கே நின்றார். “அவரை விடுங்க மச்சான். பிரேக் வேண்டாம்னது நான். அம்பதாயிரத்துக்குப் பாத்தேன்.”

“நீ தள்ளு மாப்ள. உன்னை அடிச்சா அவ எங்கூடப் பேச மாட்டா.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. லிவரால் பக்கத்திலிருந்த பஸ் இருக்கையை ஓங்கி அடித்தார். இரண்டு அடி, மூன்று அடி. பஞ்சு பறந்தது.

பாக்கியநாதன் கண்ணிலிருந்த இரத்தத்தை வழித்துவிட்டு முன்னால் வந்தார். “பின்பக்கம் ஆடுச்சுன்னு சொல்றாங்க. பின்னால இரும்பு வெச்சது நானுங்கண்ணா. யாரும் கேக்கல. நானா வெச்சேன்.”

லிவர் மேலே எழுந்தது. மூவர் தத்தம் கை என்கிறார்கள். சபதமோ ஒரு கைக்கு. சொல்லுங்கள், அது யார் கைமேல் இறங்குவது நியாயம்?

விடை: மாதேஸ்வரனை விட்டுவிடலாம். பிரேக்கைத் தொடும் முன்பே கார் கவிழ்ந்துவிட்டது; காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்தப் பிரேக் அவளைக் காத்திருக்காது. வீசி அடித்தது பின்பாரம். அதை ஏற்றிய பாக்கியநாதனுக்கு எல்லை சொல்லப்படவில்லை. எல்லையும் தெரிந்து, எடையும் தெரிந்து, கச்சிதம் என்று சாவி கொடுத்தவர் செங்கோட்டுவேல் ஒருவரே. முந்திக்கொண்டு அவர் ஒப்புக்கொண்டது, பாதிப் பழியை இன்னொருவர் ஏற்கக்கூடிய குற்றத்தை. எடைச்சீட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. முறிய வேண்டிய கை அவருடையது. ஆனால் தங்கமுத்துவுக்கு இது தெரிய வழியில்லை. லிவர் இறங்கியது பாக்கியநாதனின் வலது மணிக்கட்டில். பஸ் சட்டத்தின்மேல் கையை விரித்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.