வரைபடப் புத்தகமும் செவலை நாயும்

மனிதரும் விலங்குகளும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், நாய்கள் காருக்குப் பின்னால் ஓடியதில்லை, முன்னால்தான் ஓடின. வெளியூர்க் கார்கள் ஊர் எல்லையில் இருந்த வளைவருகே வந்து நிற்கும். போகவேண்டிய தெருவின் பெயரைச் சொன்னால் போதும். ஒரு நாய் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, வழிகாட்டி ஓடும். அதற்குக் கூலி ஒரு பொறை ரொட்டி.

அந்த நாய்களில் கெட்டிக்காரி செவலை. எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்தத் தெருவை இன்று பந்தல் போட்டு அடைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பிறகு, ஊரின் தெருக்களை எல்லாம் பக்கம் பக்கமாக அச்சடித்த வரைபடப் புத்தகம் விற்பனைக்கு வந்தது. தில்லைநாயகம் ஒன்று வாங்கி, காக்கி அட்டை போட்டுக் காரில் வைத்துக்கொண்டார். அன்று அவருடைய மச்சினனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்காவான அவர் மனைவி குமுதவல்லிதான் நாத்தனார் முடிச்சுப் போட வேண்டும். தாலித் தட்டும் அவள் மடியில்தான் இருந்தது. முகூர்த்தம் பத்தரை மணிவரைதான். அவர்கள் வளைவருகே வந்து புத்தகத்தைப் பிரித்தபோதே மணி பத்து.

செவலை ஓடிவந்தாள். "எங்க போகணும், சொல்லுங்கய்யா."

"இனிமே நீ ஓடி அலைய வேண்டாம்மா. எல்லாம் இதுலயே இருக்கு" என்று அவர் புத்தகத்தைக் காட்டினார்.

செவலை மோந்து பார்த்தாள். "மை வாசனைதான் வருது. தெரு வாசனை ஒண்ணும் வரலையே?"

அவர் சிரித்துக்கொண்டே அவளுக்கு ஒரு பொறையை நீட்டினார். செவலை அதைத் தொடவில்லை. வேலை செய்யாமல் கூலி வாங்கி அவளுக்குப் பழக்கமில்லை.

"முப்பத்தொண்ணாம் பக்கம்" என்று படித்தாள் குமுதவல்லி. "செக்கடித் தெருவுல திரும்புங்க. வாய்க்கால் பாலம் தாண்டினா மண்டபம்."

கார் திரும்பியதைப் பார்த்ததும் செவலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தாநாள் மழையில் இடிந்துபோன பாலம், புத்தகத்தில் மட்டும் முழுசாக இருந்தது! 'பட்டுத்தான் தெரியட்டுமே' என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால், அந்த அம்மாள் மடியில் இருந்த மஞ்சள் கயிறு கண்ணுக்குள்ளேயே நின்றது. பாய்ந்து ஓடினாள்.

"வழி இல்லை! வழி இல்லை!"

கார்க் கண்ணாடிகள் மேலே ஏற்றப்பட்டிருந்தன. "பாவம், கோவிச்சுக்கிட்டுத் துரத்துது" என்று தில்லைநாயகம் வேகத்தைக் கூட்டினார். செவலை விடவில்லை. மூச்சிரைக்க இரைக்கக் கத்தினாள். "வழி... வழி..." தொண்டை கிழிந்து, சொல் தேய்ந்து, கடைசியில் வெறும் "வள்! வள்!" என்றுதான் வந்தது. ஒரு திருப்பத்தில் கார் சற்று மெதுவானபோது பாய்ந்து பின்சக்கரத்தைக் கவ்வினாள். சக்கரம் அவளைச் சுழற்றிப் புழுதியில் எறிந்தது.

"ஏங்க, நிறுத்துங்க!" என்று அலறினாள் குமுதவல்லி.

கார் கிறீச்சிட்டு நின்றது. பத்தடி தூரத்தில் சாலை அறுந்து கிடந்தது. கீழே செம்மண் நிறத்தில் வெள்ளம்.

குமுதவல்லி இறங்கி ஓடி, செவலையின் வாயில் வழிந்த ரத்தத்தைத் தன் பட்டுப்புடவை முந்தானையால் துடைத்தாள். "எங்களுக்காகவா தாயி இப்படிக் கத்துனே?"

செவலை வாயைத் திறந்தாள். "வள்" என்றது குரல். அவளே திகைத்துப்போனாள். இருந்தும் நொண்டிக்கொண்டே எழுந்து, பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, திரும்பிப் பார்த்தாள். கார் அவள் பின்னால் ஊர்ந்தது.

பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது. முடிச்சுப் போட்ட கையோடு குமுதவல்லி வெளியே வந்து, செவலைக்கு முதல் பந்தி இலை போட்டாள். தில்லைநாயகம் பென்சில் எடுத்து, முப்பத்தொன்றாம் பக்கத்துப் பாலத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

செவலைக்குப் பேச்சு திரும்பவே இல்லை. அவள் குட்டிகள் அம்மாவிடம் கற்றது அந்த ஒரு சொல்லைத்தான்.

தெருவில் கார் திரும்பினால் நாய்கள் குரைத்துக்கொண்டே பின்னால் ஓடத் தொடங்கியது அந்த நாளிலிருந்துதான். நாம் அதைக் கோபம் என்று நினைக்கிறோம். காரை நிறுத்திப் பாருங்கள். நாயும் நின்றுவிடும், குரைப்பும் அடங்கிவிடும். நீங்கள் நின்றதே போதும் என்று, வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.