கேட்காமல் ரத்து செய்

"கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைக்காதவன் முகூர்த்த புக்கிங்கை ஏஐ ஏஜென்ட் தானாவே ரத்து பண்ணணும். அதுக்கு எல்லா அனுமதியும் கொடு. இல்லேன்னா நீ நடையைக் கட்டு!" என்று கத்தினார் கல்யாண மண்டப முதலாளி மாசிலாமணி.

ஏஜென்டை அமைத்துக்கொண்டிருந்த குமாஸ்தா பவளக்கொடி அனுமதிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கடைசி ஒன்றில் நின்றாள். அச்சகத்தில் தாமதமானால் ஒரு கல்யாணமே நின்றுவிடுமே!

"கொடுத்துட்டேங்க. 'ரத்துக்கு முன் கேட்கவும்'ங்கறதை மட்டும் உங்க கையாலயே எடுத்துடுங்க" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

முதலாளி நீட்டிய விரல் அந்தரத்தில் நின்றது. திரையில் ஏஜென்டின் கேள்வி காத்திருந்தது: 'வெள்ளிக்கிழமை, மாசிலாமணி மகள் திருமணம். பத்திரிகை வரவில்லை. ரத்து செய்யலாமா?'

சொந்த மண்டபத்துக்கு எவன் பத்திரிகை வைப்பான்!

முதலாளி விரலை இழுத்துக்கொண்டார். "வேண்டாம்மா, கேக்கட்டும். ஒவ்வொண்ணுக்கும் கேக்கட்டும்."

"யாரைக் கேக்கணுங்க?"

"என்னை வேண்டாம், தாயே, நான் கோபத்துல 'சரி'ன்னுடுவேன். உன்னையே கேக்கட்டும்."