டர்போவுக்குப் போகிற குழாய்

"இதுவும் போச்சுங்க, அம்மணி."

சென்னியப்பன் துணி மூட்டையை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே டர்போ இருந்தது.

வெரோனிகா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

இன்ஜின் தூக்குகிற செயின் பிளாக்கில் ஒரு தூளி தொங்கியது. உள்ளே அவள் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"ரண்டாவதுங்க."

சிங்காநல்லூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் வெரோனிகா டர்போ பழுது பார்க்கிறாள். இன்ஜினியரிங் படித்தவள். கம்பெனி வேலையை விட்டது பிள்ளை பிறந்த பிறகு.

சென்னியப்பன் பேக்கரி வைத்திருக்கிறார். அவருக்கு அவள் மகள் வயது. மைத்துனர் ஓட்டி, அலுத்து, விட்டுப்போன பழைய டர்போ கார் ஒன்றின் இன்ஜினை வீட்டு போர்ட்டிகோவிலேயே பிரித்துத் திரும்பக் கட்டுகிறார். சந்தேகம் வந்தால் இங்கே வருவார். சந்தேகம் அடிக்கடி வரும்.

வெரோனிகா டர்போவைக் கையில் எடுத்தாள். நடுத்தண்டை விரலால் சுற்றினாள். அது கரகரவென்று அரைத்தது. தண்டில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது.

"எண்ணெய் இல்லாம செத்திருக்கு."

"ஆயிலு அளவு பாத்து ஊத்தியிருக்கனுங்க."

"ம்."

"எங்கயும் ஒரு சொட்டு ஒழுகலைங்க. காருக்கு அடியில வெள்ளை வேட்டிய விரிச்சுப் பாத்தேன். வாங்கி வந்த மாதிரியே இருந்துச்சு."

"வேட்டி நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்குங்க."

"டர்போ?"

சென்னியப்பன் மூட்டை கட்டி வந்த துணியை மடிக்கத் தொடங்கினார்.

டர்போ ஒரு சின்ன விசிறி. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை அதைச் சுழற்றும், அது சுழன்று இன்ஜினுக்குள் காற்றை ஊதும். அதன் தண்டு எதையும் தொடாமல் எண்ணெய்மேல் மிதந்தபடி சுற்ற வேண்டும். எண்ணெய் வராவிட்டால், ஒரு வாய் காபி குடித்து முடிப்பதற்குள் கருகிவிடும்.

அலமாரியில் அவருடைய முதல் டர்போ இருந்தது. அதன் தண்டும் நீலம்.

"இந்த மாடலுக்கு இனிமே டர்போ கிடைக்காதுங்கண்ணா. ரெண்டுலயும் உருப்படியா இருக்கறத எடுத்து ஒண்ணு கட்டலாம். அதுவும் போனா கார் பழைய இரும்புதான்."

"கட்டிக் குடுங்க அம்மணி. திங்கக்கெழமைக்குள்ள வேணும்."

"அப்படி என்ன அவசரம்?"

"எம்புள்ள தாரணி கோத்தகிரிக்கு வேலைக்குப் போறாளுங்க. மாட்டு டாக்டரு. வாரம் ஒருக்கா மலை ஏறி எறங்கோணும். காரு ஓடலைன்னா பைக் வாங்கி அதுலயே போயிக்கறேங்கறா."

"பைக்ல போனா என்ன?"

"அந்த வளைவுல, அந்த மஞ்சுல, பைக்குலயா? ஒத்தப் புள்ளைங்க அம்மணி."

"கார்ல போனா பயமில்லைங்களா?"

அவர் யோசித்தார்.

"அதுக்கும் பயந்தானுங்க."

வெரோனிகா டர்போவைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். கார் ஓடணுமா, ஓடக்கூடாதா?"

சென்னியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதென்னங்க கேள்வி? கடையைப் போட்டுட்டு, கையெல்லாம் காப்புக் காச்சுப்போயி ஒக்காந்து கட்டிக்கிட்டிருக்கேன். ஓடக்கூடாதுன்னு ஆராச்சும் கட்டுவாங்களா?"

தூளி அசைந்தது. அவள் காலால் ஆட்டிவிட்டாள். அது நிதானமானதும் சொன்னாள்.

"இன்ஜின்ல இருந்து டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோற மெல்லிசு குழாய் ஒண்ணு இருக்குங்கள்ல? அந்தக் குழாய்ல வர்ற எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டாங்க. கட்டித் தர்றேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

*

மறுநாள் பாட்டில் நிறைய எண்ணெயுடன் வந்தார். பேக்கரியில் ரோஸ் மில்க் விற்கிற பாட்டில்.

வெரோனிகா ஒரு கையால் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"குழாயைக் கழட்டினீங்களா?"

"இல்லைங்க. அடியில இருக்கற திருகைத் தொறந்து புடிச்சேன். எல்லாம் அதே ஆயிலுதானுங்களே."

"குழாய்ல வர்றதைக் கேட்டேன்."

"அதைக் கழட்டுனா, ஒழுகாம இருக்க பேஸ்ட் பூசுனதெல்லாம் பிஞ்சு போயிருமுங்க. மறுக்காவும் பூசோணும்."

அவள் கை நின்றது. பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருந்தான்.

"அங்கயும் பேஸ்ட் போட்டிருக்கீங்களா?"

"ஒரு எடம் விடலைங்க."

"எப்படிப் போடுவீங்க?"

சென்னியப்பன் செய்து காட்டினார். கேக்கின்மேல் கிரீம் பிழிகிற கை. கூம்பைப் பிடித்து, ஒரே சீராக அழுத்தி, விளிம்பைச் சுற்றி வந்து, முடிக்கிற இடத்தில் மணிக்கட்டை லேசாகச் சுழற்றி மேலே இழுத்தது.

"பொறவு கட்டை வெரலால ஒரு அழுத்து," என்றார். "சந்து பொந்தெல்லாம் அடைஞ்சுரும்."

"ரோஜாப் பூவும் வெச்சீங்களா?"

"அம்மணிக்கு கேலியா இருக்குது."

"குழாய்ல வர்ற எண்ணெய்ங்கண்ணா," என்றாள். பிள்ளைக்கு அடுத்த வாய் ஊட்டினாள்.

*

போர்ட்டிகோவில் பேக்கரி டிரேக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் போல்ட்டும் வாஷரும். மீதி வேலைக்கு வேண்டியதெல்லாம் பிஸ்கட் அடுக்கிய மாதிரி இருந்தது.

தாரணி காருக்குள் உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் இன்ஜினுக்குள் குனிந்திருந்தார்.

டர்போ இருந்த இடம் காலி. அங்கே வந்து சேர்கிற குழாய் அந்தரத்தில் நின்றது. அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் வழிந்து இறுகியிருந்தது.

"ஏப்பா," என்றாள் தாரணி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து. "ஹேப்பி பர்த்டேன்னு எழுதாததுதான் பாக்கி."

"ஒனக்காகத்தான் கண்ணு இத்தனையும். நடுவழியில ஒழுகி நின்னுட்டா?"

"ஒழுகினா நிறுத்திப் பாத்துட்டுப் போறேன்."

"பாக்கறாளாம். செரி, பிளக் வயரெல்லாம் எடுத்துட்டேன். செல்ஃப் மட்டும் அடி."

அவர் நுனியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பாட்டிலைக் கீழே பிடித்தார். இன்னொரு கையில் துணி. எண்ணெய் பீய்ச்சி அடிக்கும் என்று முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

இன்ஜின் சுற்றியது.

பாட்டிலில் ஒன்றும் விழவில்லை.

"இன்னொருக்கா."

சுற்றியது. விழவில்லை.

"இன்னொருக்கா, கண்ணு."

"பேட்டரி தீந்துரும்ப்பா."

சென்னியப்பன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு துளிகூட இல்லை. கையில் இருந்த துணியும் சுத்தமாக இருந்தது.

*

காலி பாட்டிலை அவர் மேசைமேல் வைத்தார்.

"வரலைங்க, அம்மணி."

வெரோனிகா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். அலமாரியில் வைத்தாள். அதே அலமாரியிலிருந்து கட்டி முடித்த டர்போவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"வந்தாத்தானே தர்றேன்னீங்க?"

"கொண்டாங்கன்னேன். கொண்டாந்துட்டீங்க."

அவர் டர்போவை வாங்கவில்லை.

"ஆயிலு வரலைங்கறதை நீங்க மொதல்லயே பாத்துட்டீங்கள்ல?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லலைங்க?"

"முதல் டர்போ தந்தன்னிக்கே சொன்னேன். மாட்டறதுக்கு முன்னாடி எண்ணெய் வருதான்னு பாருங்கன்னு. நீங்க ஒழுகுதான்னு பாத்தீங்க."

தூளியில் பிள்ளை விழித்துக்கொண்டான். துணியின் இடைவெளியில் ஒரு கால் வெளியே வந்து ஆடியது.

சென்னியப்பன் டர்போவை வாங்கினார். குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும்.

"இதுதான் கடைசிங்க."

"ஆமா."

"அப்படின்னா பேஸ்ட் போடாம வெறும் வாஷர் வெச்சு மாட்டச் சொல்றீங்க."

"ஆமா."

"அப்படி மாட்டி, ஒழுகிச்சுன்னா என்னங்க பண்ணறது?"

வெரோனிகா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தூளியிலிருந்து சொட்டியது. முதலில் ஒரு சொட்டு. பிறகு நூல் பிடித்த மாதிரி. கொட்டகைத் தரையில் ஈரம் பரவி, அவருடைய செருப்புவரை வந்தது.

அவர் பின்னால் நகர்ந்தார்.

அவள் ஆணியில் தொங்கிய பழைய துணியை எடுத்தாள். துடைத்தாள். துணியை வாளியில் போட்டாள்.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விட்ட வேலைக்குத் திரும்பினாள்.

சென்னியப்பன் டர்போவை மார்போடு அணைத்துக்கொண்டார். அவளிடமிருந்து வேறு பதில் வரும்போலத் தெரியவில்லை. கிளம்பினார்.

*

போர்ட்டிகோவில், குழாயின் மறுமுனை இன்ஜினோடு சேர்கிற இடத்தில் சென்னியப்பன் குனிந்தார். அவர் போல்ட்டைக் கழற்றினார். குழாய் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டி இழுத்ததும் பிசுக்கென்று விட்டது.

எண்ணெய் வர வேண்டிய ஓட்டை ஒரு உளுந்து அளவுதான். அது தெரியவில்லை. அந்த இடம் முழுக்க சாம்பல் நிறமாக இருந்தது.

"தாரணி, ஒரு ஹேர்பின் குடு."

அவள் தலையிலிருந்து உருவிக் கொடுத்தாள்.

அவர் ஓரத்தில் நெம்பினார். பேஸ்ட் ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதன் அடியில் ஒரு காம்பு இருந்தது. ஓட்டைக்குள் இறங்கி, ஓட்டையின் அச்சிலேயே இறுகிப்போன காம்பு.

உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார்.

மேல்பக்கம் வழவழப்பாக, லேசாகக் குழிந்து இருந்தது. குழிக்குள் சுருள் சுருளாகக் கோடுகள்.

"என்னப்பா அது?"

சென்னியப்பன் தன் கட்டை விரலைக் கொண்டுபோய் அந்தக் குழியில் வைத்தார். அது சரியாகப் பொருந்தியது.

"அப்பா?"

"ஒண்ணுமில்ல, கண்ணு. செல்ஃப் அடி."

அடித்தாள்.

அந்த உளுந்து ஓட்டையிலிருந்து எண்ணெய் எழும்பி, அவர் சட்டையில், மூக்குக்கண்ணாடியில், பேக்கரி டிரேயில், பட்டர் பேப்பரில் எல்லாம் அடித்தது.

"நிறுத்தட்டுமாப்பா?"

"இருக்கட்டும்," என்றார். "வரட்டும்."

*

திங்கட்கிழமை காலை கார் போர்ட்டிகோவில் உறுமிக்கொண்டு நின்றது. பின் சீட்டில் ஒரு பெட்டி, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், பேக்கரியிலிருந்து ஒரு பெரிய டப்பா.

தாரணி பெல்ட்டை மாட்டினாள்.

"வரட்டுமாப்பா?"

சென்னியப்பன் ஜன்னலில் கை வைத்தபடி நின்றார். வளைவு பற்றி, மஞ்சு பற்றி, எதிரே வரும் பஸ் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தார். நேற்றிலிருந்தே வரிசைப்படுத்தி வைத்தது.

"போய்ச் சேந்தொடனே ஆஃப் பண்ணிராத," என்றார். "கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு நிறுத்து. டர்போ சூடு ஆறோணும்."

"செரிப்பா. வேற?"

அவர் ஜன்னலிலிருந்து கையை எடுத்தார்.

"வேற ஒண்ணுமில்ல."

கார் கேட்டைத் தாண்டியது. தெருமுனையில் திரும்பும்போது டர்போ ஊதுகிற சத்தம் மெல்லிய விசில்போலக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்தார்.

கார் நின்ற இடத்தில், தரையில், பொட்டு அளவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் இருந்தது.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டார்.

பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டியை உருவி எடுத்து, குனிந்து, துடைத்தார்.